உருமாறும் வேற்றுக்கிரகவாசி எத்தனை கிலோ?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சி அறிவியல் புனைவுத் தொடர்களில் வரும் உருமாறும் வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். தேர்ந்தெடுத்த தொடர்கள் நல்ல தொடர்கள்தான். ஆனால் இவை எல்லாம் உயிரியலுக்குச் சற்றும் பொருந்தாத மாயாஜாலம் என்று கடைசியில் ஒரே வரியில் தள்ளிவிட்டார் கட்டுரையாளர். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. உருமாறுவது உயிரியலுக்குப் புதிதே இல்லை. உருமாறும்போது எடையும் கூடவே மாயமாவதுதான் பொருந்தாத விஷயம். கட்டுரை இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது.

கட்டுரையாளர் கேலி செய்த ஓடோவையே எடுத்துக்கொள்கிறேன். 1993 முதல் 1999 வரை வந்த 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் விண்வெளி நிலையத்தின் காவல் அதிகாரி. இயல்பில் அவர் திரவம். 16 மணி நேரத்துக்கு ஒருமுறை மனித உருவத்தைக் கைவிட்டுத் திரவமாகி ஓய்வெடுத்தாக வேண்டும். அதற்கென்றே ஒரு வாளி வைத்திருப்பார். அந்த வாளியைச் சிரிப்புக்காக வைத்தது என்கிறது கட்டுரை. என்னைக் கேட்டால் அந்தத் தொடரில் உயிரியலுக்கு மிக நெருக்கமான பொருளே அந்த வாளிதான்.

நான் ஆத்தூர் சாலையில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் வேலை பார்க்கிறவன். குச்சிக்கிழங்கை (மரவள்ளிக்கிழங்கை) அரைத்து, திப்பி என்கிற சக்கையைச் சலித்து ஒதுக்கிவிட்டு, கிழங்குப் பாலைத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் படியும். அந்த ஈர மாவைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, ஓங்கி ஒரு குத்து விடுங்கள். கல்லாக நிற்கும். மெதுவாக விரலை இறக்கினால் சத்தமில்லாமல் உள்ளே போகும். ஒரு கை அள்ளி உருட்டிக்கொண்டே இருக்கும்வரை உருண்டை உருண்டையாகவே இருக்கும். கை ஓய்ந்ததும் விரலிடுக்கில் வழிந்துவிடும். அழுத்தம் இருக்கும்வரை மாவுத் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து சிக்கிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். திரவ உடம்பு ஒன்று காவல் அதிகாரியாக நிமிர்ந்து நிற்க வேண்டுமானால், உள்ளிருந்து எதையாவது ஓயாமல் இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எலும்புள்ள நமக்கு நிற்பதற்கு அதிகம் செலவில்லை. ஓடோவுக்கு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பதே கூலி வேலை. 16 மணி நேரம் தாக்குப்பிடிப்பதே பெரிது.

இதைவிடச் சிக்கனமான வழியும் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது கடல் அட்டை. ராமநாதபுரம் பக்கம் கடத்தல் செய்திகளில் அடிக்கடி அடிபடுமே, 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்களே, அதே கடல் அட்டைதான். அதன் தோலில் உள்ள இழைகளுக்கு இடையிலான பிணைப்பை நரம்பின் கட்டளைப்படி இறுக்கவும் தளர்த்தவும் அதனால் முடியும். தளர்த்தினால் உடம்பு குழைந்து பாறை இடுக்கில் நுழைந்துவிடும். உள்ளே போனதும் இறுக்கிக்கொண்டால் யாராலும் இழுத்து எடுக்க முடியாது. தசையை முறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும் செலவும் இல்லை. ஓடோவின் உறவுக்காரர் ஒருவரைப் பூமியில் தேடினால் நான் முதலில் மன்னார் வளைகுடாவுக்குத்தான் போவேன். ஆக்டோபஸைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1998-இல் சுலவேசிக் கடலில் கண்டறியப்பட்ட ஒரு வகை, தட்டை மீன் போலவும் கடற்பாம்பு போலவும் நடிக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

இனி எடைக்கு வருவோம். ஒரு பகுதியில் ஓடோ மதுக்கடைத் தட்டில் கண்ணாடித் தம்ளராக உட்கார்ந்து வேவு பார்க்கிறார். எலியாகவும் மாறுகிறார். அவர் 70 கிலோ என்று வைத்துக்கொண்டால், 300 கிராம் எலியின் அளவுக்குள் அத்தனையும் அடைபட வேண்டும். அப்படி அடைத்தால் அடர்த்தி தண்ணீரைப் போல் 230 மடங்கு. தனிமங்களிலேயே அடர்த்தி மிகுந்த ஆஸ்மியம்கூட அதில் பத்தில் ஒரு பங்குதான் வரும். சரி, மிச்ச எடையை ஆற்றலாக மாற்றி எங்கோ பத்திரப்படுத்துகிறார் என்று சமாதானம் சொல்லலாம். ஐன்ஸ்டைனின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய ஒரு லட்சம் ஹிரோஷிமா குண்டுகள் வரும். ஒரு தம்ளராக உட்காருவதற்கு இது கொஞ்சம் அதிகம்.

எடை மாறாது என்று எழுத்தாளர்கள் ஒரு விதி வைத்திருந்தால் கதையும் இன்னும் விறுவிறுப்பாகியிருக்கும். ஓடோவின் இனத்தாரோடு போர் மூளும்போது, ஒற்றர்களைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரின் இரத்தத்தையும் எடுத்துச் சோதிக்கிறார்கள். உடம்பைவிட்டுப் பிரிந்த துளி பழைய திரவமாக மாறிவிடும் என்பது கணக்கு. எடை விதி இருந்திருந்தால் வாசலில் ஒரு தராசு போதும். 70 கிலோ ஒற்றன் 70 கிலோ ஆளாகத்தான் வர முடியும். ஒல்லியானவர்கள் எல்லாம் தப்பித்தார்கள்!

காலமும் அப்படித்தான். ஏற்காட்டில் ஆரஞ்சு மரம் வைத்திருப்பவர்கள் இலையில் பறவை எச்சம் போலக் கிடக்கும் புழுவைப் பார்த்திருப்பார்கள். பழுப்பில் வெள்ளைத் திட்டோடு, மறைய வேண்டும் என்ற கவலையே இல்லாமல் இலை நடுவில் கிடக்கும். கடைசியாகத் தோலுரித்த பிறகு பார்த்தால் இலைப் பச்சை. ஒரு குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பிளவுபட்ட கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் கிளப்பும். அப்புறம் கூட்டுப்புழு. உள்ளே பழைய உடம்பின் பெரும்பகுதி கரைந்துபோய், முன்பே ஒதுக்கி வைத்திருந்த சின்னச் சின்னச் செல் கூட்டங்களிலிருந்து இறக்கையும் காலும் எழுகின்றன. இதைவிடப் பெரிய உருமாற்றத்தை எந்தத் தொடரும் காட்டியதில்லை. ஆனால் அதற்கு நாள்கணக்கில் ஆகிறது, எடையும் குறைகிறதே தவிரக் கூடுவதில்லை. நம் தசைகளே எரிக்கும் சக்தியில் முக்கால் பங்கை வெப்பமாகத்தான் விடுகின்றன. ஒரு முழு உடம்பை மூன்று விநாடியில் பிரித்துக் கட்டினால் அறையில் வேறு யாரும் நிற்க முடியாது.

அடுத்தது நகலெடுக்கும் வேலை. மரபணு கிடைத்தால் போதும், ஆளையே அச்சாக வார்த்துவிடலாம் என்பது பல தொடர்களில் எழுதப்படாத சட்டம். ஒரே மரபணு கொண்ட இரட்டையர்களுக்கே கைரேகை வேறுபடுகிறது. முழங்கால் தழும்பும் வீட்டுச் சாவியை வைத்த இடமும் மரபணுவில் எழுதியில்லை. இதில் 'டாக்டர் ஹூ' தொடரில் 1975-இல் வந்த ஸைகான்களைப் பாராட்ட வேண்டும். அவை யாருடைய உருவத்தை எடுத்தனவோ அந்த ஆளை உயிரோடு பிடித்து வைத்திருக்க வேண்டும். மூலப்பிரதி கையில் இல்லாமல் நகல் நிலைக்காது. ஓடோவின் முகம் மெழுகு பூசியதுபோல மொட்டையாக இருப்பதும் இந்த நேர்மைதான். எலி ஒழுங்காக வந்ததா என்று யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. முகத்தில் மயிரிழை பிசகினாலும் நம் மூளை காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மையில் எல்லோரையும்விடக் கெட்டிக்காரப் பிராணி, 1966 செப்டம்பர் 8 அன்று ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்'கின் முதல் பகுதியில் வந்த உப்பு தின்னும் விலங்கு. ஒரே நேரத்தில் மூன்று பேர் அதைப் பார்க்கிறார்கள், மூவருக்கும் வெவ்வேறு தோற்றம். அப்படியென்றால் அது உடம்பை மாற்றவே இல்லை, பார்ப்பவர்களின் மூளையைத்தான் ஏமாற்றுகிறது. எடைப் பிரச்சினையும் இல்லை, வெப்பமும் இல்லை. கட்டுரையாளர் இதையும் ஓடோவையும் ஒரே வகையில் சேர்த்தது சரியில்லை.

ஓடோவின் இனம் ஒரு கடலாகக் கலந்து வாழ்வதைக் கவித்துவமான கற்பனை என்று எழுதியிருந்தார். காட்டு மண்ணில் டிக்டியோஸ்டீலியம் என்ற நுண்ணுயிர் இருக்கிறது. இரை இருக்கும்வரை ஒவ்வொரு செல்லும் தனிக்குடித்தனம். இரை தீர்ந்தால் வேதிச் சமிக்ஞை கொடுத்து, ஆயிரக்கணக்கில் கூடி, ஒரே உடம்பாகி நகர்ந்து, ஒரு தண்டையும் உச்சியில் வித்துகளையும் உண்டாக்கும். தண்டாகும் ஏறக்குறைய 20 சதவீதச் செல்கள் அப்படியே செத்துப்போகும்; மேலே இருப்பவை பிழைக்கும். ஓடோவின் கடலில் யார் தண்டு, யார் வித்து என்ற கேள்வியை ஏழு பருவங்களிலும் யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம். அதை வைத்தே ஒரு பருவம் எடுத்திருக்கலாம்.

கட்டுரையோடு வந்த பச்சோந்திப் படத்துக்குக் கீழே, அது இருக்கும் இடத்தின் நிறத்துக்கு மாறிவிடும் என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு. சண்டைக்கும் துணை தேடவும் உடம்புச் சூட்டைச் சரிக்கட்டவுமே பச்சோந்தி பெரும்பாலும் நிறம் மாற்றுகிறது. தோலில் உள்ள குவானின் படிகங்களின் இடைவெளியைக் கூட்டிக் குறைத்து அதைச் செய்கிறது என்று ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்தது மடகாஸ்கர் இனம். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவும்.

இப்படிக்கு,
சேகோ ஆலை ஊழியர் ஒருவர்,
அயோத்தியாப்பட்டணம், சேலம் மாவட்டம்.