இரண்டாம் பாகத்தை எப்போது தருவீர்கள்? வாசகசாலைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மண்டபத்து வாசலில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பற்றி எழுதுகிறேன். யார் வந்து முறையிட்டார்கள், எந்தப் பையன் ராத்திரியில் தனியாகப் பாத்ரூம் போக மாட்டேன் என்று அழுதான், கூட்டத்தில் யார் கை தூக்கினார்கள், யார் கைப்பேசியைப் பார்த்தபடியே தலையாட்டினார்கள் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். நம் மலேசியாவில், தெலுக் இந்தான் பட்டணத்திலிருந்து செம்பனைக் காட்டுக்குள் இத்தனை தூரம் தள்ளிக் கிடக்கிற ஊரில் எதுதான் மறையும்? அதனால் முன்கதை வேண்டாம். பேயும் மர்மமுமாக எழுதிய இந்திரா சௌந்தர்ராஜனின் நாவல்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். அவற்றைத் திரும்பவும் பொது அடுக்கில் வையுங்கள். கேட்க வந்தது இது ஒன்றுதான்.

பூட்டியதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று செயலாளர் ஐயா என்னிடம் கேட்டார். சொல்கிறேன்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பாட்டியை உங்கள் எல்லாருக்கும் தெரியும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்போடு நிறுத்திப் பால்வெட்டுக்கு அனுப்பப்பட்டவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு உரம் போட்டார், உதிரிப்பழம் பொறுக்கினார். லயத்தைக் காலி செய்துவிட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்த பிறகுதான் உட்கார்ந்து படிக்க அவருக்கு நேரம் வாய்த்தது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொரு கண்ணுக்கு ஆஸ்பத்திரியில் தேதி கொடுக்கவில்லை. அவர் படிக்கிற அழகைப் பார்க்க வேண்டும். முன்வாசல் படியில் வெளிச்சம் விழுகிற பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் பூதக்கண்ணாடியைப் பிடித்து, மற்றக் கையின் ஆள்காட்டி விரலை வரிக்குக் கீழே நகர்த்தி, உதடு அசைய அசையப் படிப்பார். உளி பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறின விரல் அது. பயமான இடம் வந்தால் விரல் நின்றுவிடும். புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு "முருகா" என்பார். ஒரு வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் அதே வரியில் ஆரம்பிப்பார்.

அவர் எடுத்துப்போனது இரண்டு பாகமாக அச்சான நாவல். முதல் பாகம் எங்கே முடியும் என்று இவரைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவு திறக்கும், உள்ளே யார் நிற்கிறார்கள் என்று சொல்லாமல் "முதல் பாகம் முற்றிற்று" என்று போட்டிருக்கும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றதை எடுக்க வந்த அன்றுதான் அலமாரியில் பூட்டுத் தொங்கியது. சாவி செயலாளரிடம். செயலாளருக்கு வேலை ஈப்போவில், ஊருக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் கேட்டால் ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டுகிறார்கள்: பெயர், அடையாள அட்டை (ஐசி) நம்பர், வயது, நூலின் பெயர், படிக்க விரும்பும் நோக்கம். பாட்டி சொல்ல நான்தான் நிரப்பினேன். நோக்கம் என்ற கட்டத்துக்கு வந்ததும், "அந்தப் பொண்ணு பொழைச்சாளா இல்லையான்னு தெரியணும். அதான் நோக்கம். எழுது" என்றார். அப்படியே எழுதினேன். செயலாளர் ஐயா படித்துப் பார்த்தார், சிரித்தார், "அடுத்த கூட்டத்துல வைக்கிறோம் பாட்டி" என்று கோப்பில் செருகினார். அடுத்த கூட்டம் திருவிழா வேலையால் தள்ளிப்போயிற்று. எழுபது வயதுக்கு மேல் ஆன ஒரு மனுஷி ஒரு கதையின் முடிவைத் தெரிந்துகொள்ளக் குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறார். சிரிக்கிற விஷயமா இது?

நீங்கள் மரியாதைக்குரியவர்கள், ஊருக்கு உழைக்கிறவர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் கேட்கிறேன். "வாசகர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுவதால்" என்று அறிவிப்பில் எழுதியிருக்கிறீர்களே, கருத்து வேறுபாடு எப்போதிலிருந்து குற்றமானது? அந்த வேறுபாடு எல்லாம் எழுதியிருந்த நோட்டுப்புத்தகம், அலமாரிப் பக்கத்து ஆணியில் ராஃபியா கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்ததே, அதையும் சேர்த்துத்தானே கழற்றிவிட்டீர்கள்?

என்னைக் கேட்டால், நாவல்களைவிட அந்த நோட்டு இன்னும் சுவாரசியம். குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற தம்பி ஒருவர், ஆலை வாசலில் வரிசையில் நிற்கிற நேரத்தில் படிப்பதாகவும், பின்னால் ஹார்ன் அடித்தால்தான் தான் எங்கே இருக்கிறோம் என்பதே நினைவுக்கு வருவதாகவும் எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நூற்றைம்பது பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டுப் பத்துப் பக்கத்தில் அவசர அவசரமாக அவிழ்க்கிறார், ஓலைச்சுவடி, சித்தர், நாகம் மூன்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று கேட்டிருந்தார். "சார், நீங்க இன்னும் கட்டுரை திருத்துறீங்க" என்று ஓரத்தில் யாரோ கிறுக்கல். இவர் கதைகளைப் படித்த ஆசையில் தமிழ்நாட்டுக்குப் போனபோது சதுரகிரி மலை ஏறி வந்ததாக ஓர் அக்கா எழுதியிருந்தார். ஐந்தாம் படிவத்து மாணவி ஒருத்தி, பேய் வேண்டாம், கொலைதான் வேண்டும், அதற்கு ராஜேஷ்குமார்தான் என்று ஒரே வரியில் கட்சி மாறிவிட்டாள்.

சிவப்பு மையில் எழுதுகிற பெரியவரை மறக்கக் கூடாது. 1929-இல் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது அவருடைய தாத்தா கூட்டத்துக்குப் போய்க் கேட்டவராம். குடும்பமே சுயமரியாதைக் குடும்பம். மறுபிறவி, ஆவி, சாபம் என்று எழுதுகிறவர் மக்களை நூறு வருஷம் பின்னால் இழுக்கிறார் என்று பக்கம் பக்கமாக வெளுத்து வாங்கியிருந்தார். புத்தகங்களைப் பூட்டிய செய்தி கேட்டதும் முதலில் கொதித்தது யார் தெரியுமா? அவர்தான். "பூட்டிட்டா நான் எதைப் படிச்சுத் திட்டுறது?" என்று சாப்பாட்டுக் கடையில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். அந்தக் கேள்வியை அவர் சார்பில் நானும் கேட்டுவைக்கிறேன்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. தமிழாசிரியர் சொன்னதில் பாதி சரி. முடிவை இந்திரா சௌந்தர்ராஜன் அடிக்கடி அவசரமாக எழுதியவர்தான். மாத நாவல், வாரத் தொடர் என்று எழுதிக் குவித்தவரிடம் அந்த அவசரம் இல்லாமல் இருக்குமா? பெண்கள் அடிக்கடி மயங்கி விழுவதும் எனக்குப் பிடிக்காது. ஆனால் மூடநம்பிக்கையைப் பரப்புகிறார் என்று ஒரே வரியில் முத்திரை குத்துவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சாமி குற்றம் என்று ஊர் சொல்லும், மனித வேலை என்று ஒருவர் துருவிக்கொண்டு வருவார், இரண்டில் எது என்று நம்மைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போவார். 1990-களின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்த இவருடைய 'மர்மதேசம்' தொடரில் கருப்புசாமி கதையைப் பார்த்தவர்கள் உங்களிலேயே பல பேர். தண்டிப்பது சாமியா, ஆளா என்ற கேள்விதானே அந்தத் தொடரின் முதுகெலும்பு? நம் ஊரில் அது வீடியோ கடையில் டேப்பாக வந்தது. ஒரு டேப்புக்கு மூன்று வீடு சண்டை போட்டது. இப்போது குழுவில் இருக்கிற ஓர் அண்ணன், அன்றைக்கு எங்கள் வீட்டு ஹாலில் நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தவர். பெயர் வேண்டாம்.

அதுவும் போகட்டும். 2024 நவம்பர் 10-ஆம் தேதி இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானபோது இதே மண்டபத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டு, விளக்கு ஏற்றி, "தமிழ்கூறும் நல்லுலகுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று தலைவர் ஐயா பேசினார். நன்றாகவே பேசினார், நான் கைதட்டினேன். ஈடுசெய்ய முடியாதவரை எந்தக் கணக்கில் இப்போது பூட்டினீர்கள்?

பேய் பிசாசு என்று எழுதியிருப்பதுதான் குறை என்றால், பக்கத்துக் கோயிலையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வாசகசாலைச் சுவருக்கு அந்தப் பக்கம் முனியாண்டி. அவருக்குச் சுருட்டுப் பற்றவைத்துக் கொடுக்கிறோம், ஆடி மாதம் கிடா வெட்டுகிறோம், பாட்டில் வாங்கி வைக்கிறோம், ராத்திரி குதிரைச் சத்தம் கேட்டது என்று சொல்கிறவரை நிறுத்தி விவரம் கேட்கிறோம். நானும் கேட்பவள்தான். அந்தக் கோயில் கமிட்டியும் இந்த வாசகசாலைக் குழுவும் முக்கால்வாசி ஒரே ஆட்கள். முனிக்குச் சுருட்டு வைத்த கையோடு வந்து, அமானுஷ்யக் கதை சமுதாயத்துக்குக் கேடு என்று அறிவிப்பு ஒட்டுகிற துணிச்சல் எல்லாருக்கும் வராது. வாழ்த்துகள்.

பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றீர்கள். பொந்தியானாக் என்ற பெண்பேயின் கதை கேட்காமல் இந்த மண்ணில் வளர்ந்த பிள்ளை உண்டா? வாழைமரத்துப் பக்கம் ராத்திரியில் போகாதே என்று சொல்லி வளர்த்தது யார்? இன்றைக்கு அவர்கள் கைப்பேசியில் நள்ளிரவு வரை பார்க்கிற பேய்ப்படங்களுக்கு எந்த அலமாரியில் பூட்டுப் போடுவீர்கள்? பயந்த பையனின் அம்மா என் தோழிதான், அவள் கவலை நியாயமானது. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத மேல் தட்டில் வையுங்கள், பன்னிரண்டு வயதுக்குக் கீழ் இரவல் இல்லை என்று எழுதி ஒட்டுங்கள். அதை யாரும் தடுக்கவில்லை. பெரியவர்களைப் பாரம் நிரப்பச் சொல்வது எதற்கு?

இந்த நாவல்களுக்குப் பதில் நம் நாட்டு எழுத்தாளர்களை வைக்கலாமே என்று உறுப்பினர் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வையுங்கள் ஐயா, யார் வேண்டாம் என்றது? ரெ.கார்த்திகேசுவை வையுங்கள். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடப் போய்த் திரும்பாத நம் சனங்களைப் பற்றி எழுதிய அ.ரெங்கசாமியை வையுங்கள், இங்கே பாதி வீடுகளில் அந்தக் கதைக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். தட்டுகள் காலியாகத்தானே கிடக்கின்றன? ஆனால் வாங்க மாட்டீர்கள். வாங்குவதற்குப் பணமில்லை, திறப்பு விழாவுக்கு மூன்று முகம் போட்ட பேனர் அடிக்க மட்டும் பணம் உண்டு. அன்பளிப்பாக வந்த கலைக்களஞ்சியம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நிற்கிறது, காசோலை கொடுத்த படம் மட்டும் சட்டம் போட்டுத் தொங்குகிறது. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' பத்திரிகையை 2019-இல் மூடியபோது தமிழர்கள் படிப்பதில்லை என்று மேடை போட்டு வருத்தப்பட்டோம். படிக்கிற நாலு பேரும் இந்த மண்டபத்துக்குத்தான் வருகிறோம், வந்தால் பூட்டைக் காட்டுகிறீர்கள். மாத நாவல் படித்துக் கண்ணும் மனசும் பழகின பிறகு ரெங்கசாமியை எடுத்தவர்கள் இந்த ஊரில் உண்டு, நானும் அப்படி வந்தவள்தான். நேராகக் கலைக்களஞ்சியத்தில் ஆரம்பித்த யாரையும் நான் பார்த்ததில்லை.

கோபத்தில் வழி மாறிவிட்டேன், பொறுத்தருளுங்கள். என் கோரிக்கைக்கு வருகிறேன்.

அலமாரிப் பூட்டைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இந்திரா சௌந்தர்ராஜன் நாவல்கள் முன்போல் பொது அடுக்கில் இருக்கட்டும், பிடித்தவர் எடுக்கட்டும், பிடிக்காதவர் திட்டட்டும். திட்டுவதற்கு அந்த நோட்டுப்புத்தகத்தையும் பழைய ஆணியிலேயே மாட்டிவிடுங்கள். தமிழாசிரியர் ஏதோ பதில் எழுதக் காத்திருக்கிறார் என்று கேள்வி. குழுக் கூட்டம் கூடும் வரை பொறுக்க வேண்டும் என்றால் பொறுக்கிறோம், ஆனால் கூட்டம் என்றைக்கு என்று அதே பலகையில் தேதி போட்டு எழுதுங்கள். பாட்டியின் பாரத்துக்கு மட்டும் கூட்டம் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே அந்த இரண்டாம் பாகத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். செயலாளர் ஐயாவுக்கு வர முடியாவிட்டால் சாவியைக் கோயில் பூசாரியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். பூசாரியிடம் சாவி இருந்தால் ஒன்றிரண்டு புத்தகம் கூடுதலாக வெளியே போகும், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். அவரும் இவருடைய வாசகர்தான்.

தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கும்,
வாசகசாலை உறுப்பினர், சந்தா பாக்கி இல்லாதவள்