மூக்குச் சதையைப் பூஞ்சை என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளம், ஊருணியில் குளிப்பவர்களுக்கு மூக்கில் வளரும் சதையைப் பற்றிச் சென்ற வார மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தச் சதையை உண்டாக்கும் கிருமியின் பெயரை, ரைனோஸ்போரிடியம் என்று, பிழையில்லாமல் போட்டிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் அடுத்த வரியிலேயே "இது ஒரு வகைப் பூஞ்சைத் தொற்று" என்று முடித்துவிட்டீர்கள். இரண்டு நாளாக அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை.

நான் சிவகங்கை மாவட்டத்தில் லேப் டெக்னீஷியனாக 31 வருஷம் வேலை பார்த்தவன். எங்கள் பக்கம் இந்த நோய் புதிதல்ல. மூக்கிலிருந்து அறுத்தெடுத்து ஃபார்மலினில் போட்டு அனுப்புவார்கள். சிவந்த சதை, மேலே ரவையைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். அந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு பை. ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், அத்திப்பழத்தைப் பிட்ட மாதிரி, ஒரு பைக்குள் ஆயிரக்கணக்கில் வித்துகள் நெருக்கியடித்துக் கிடக்கும். பூஞ்சைக்கென்று போடுகிற வெள்ளிச் சாயம் இதையும் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். பூஞ்சை என்று பெரியவர்களே நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். நானும் பல வருஷம் அப்படித்தான் ரிஜிஸ்டரில் எழுதினேன்.

இதன் கதை தங்களுக்குத் தெரியாததல்ல. 1900-இல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் சீபர் என்பவர் இதை விவரித்தபோது ஒருசெல் விலங்கினமாகக் கருதினார். 1923-இல் ஆஷ்வொர்த் என்ற விஞ்ஞானி பூஞ்சைப் பக்கம் தள்ளினார். ஆய்வகத் தட்டில் இது வளர மறுக்கிறது. அதனால் வளர்த்துப் பார்த்து இனம் சொல்லவும் வழியில்லை. 1999-இல்தான் இதன் மரபணுவை வாசித்துப் பார்த்தார்கள். அந்தக் குழுவில் நம் பக்கத்து இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞானி அரசகுலரத்னவும் இருந்தார். பார்த்தால், இதன் சொந்தக்காரர்கள் காளானும் ரொட்டிப் பூஞ்சணமும் இல்லை, மீன்களைப் பிடிக்கிற ஒட்டுண்ணிகள்! விலங்கினமும் பூஞ்சையினமும் பிரிந்த இடத்துக்குப் பக்கத்தில், விலங்கின் கிளையோரமாக முளைத்த ஒரு தனிக் கூட்டம். மீசோமைசீட்டோசோவா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இரண்டுக்கும் நடுவில் என்ற பொருள் இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் தங்கள் பத்திரிகை 1923-லேயே நிற்கலாமா?

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் தம்பி மகனைக் கேட்டால் சொல்வான். ஊருணியில் முங்கிக் குளிக்கிற பையன். மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தது. நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன். நான்கு மாதம் மெடிக்கலில் ஃபங்கஸ் மாத்திரையாக வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் என்று தம்பியைக் கேட்டதற்கு, "அண்ணே, பேப்பர்லயே பூஞ்சைன்னு போட்டிருக்கே" என்று மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து நீட்டினான். அது தங்கள் பத்திரிகைதான். அந்த மாத்திரைகளுக்கு இது மசியாது என்று யார் அவனுக்குச் சொல்வது? கடைசியில் சதையை வெட்டி, வேர் பிடித்த இடத்தைச் சுட்டுவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் திரும்பவும் முளைத்தது. மறுபடியும் அறுவை. பள்ளிக்கூடத்தில் "பூஞ்சை பிடித்தவன், ஒட்டிக்கொள்ளும்" என்று அவனைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இது ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவியதாகப் பதிவே இல்லை.

அப்போதே தங்களுக்கு எழுதினேன். பதில் இல்லை. சரி, இடமில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு முறை உருளைக்கிழங்குக் கருகலைப் பற்றிய வேளாண் கட்டுரையில், அயர்லாந்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அந்த உயிரையும் பூஞ்சை என்றே போட்டீர்கள். அது பாசிகளுக்கு உறவான வேறொரு இனம் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. நடிகர் ஒருவரின் பிறந்த தேதி தவறியதற்கு மட்டும் மறுநாளே வருத்தம் தெரிவித்திருந்தீர்கள். அதைப் பார்த்தபோது மனசு விட்டுப்போனது.

வகைப்பாடு மாறுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நுரையீரலைத் தாக்குகிற நிமோசிஸ்டிஸ் விலங்கினப் பட்டியலிலிருந்து 1988-இல் பூஞ்சைக்கு வந்தது தங்களுக்கு நினைவிருக்கும். இங்கே போக்கு நேர்மாறானது, அவ்வளவுதான். மாறியதைத் தெரிந்துகொண்டு எழுதினால் போதும். வீட்டில் நாங்கள் மூன்று தலைமுறையாகத் தங்கள் பத்திரிகையை நம்பித்தான் வாங்குகிறோம்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வரும் வாரம் அதே மருத்துவப் பக்கத்தில், அதே எழுத்தளவில் மூன்று வரி போடுங்கள். மூக்குச் சதை பூஞ்சை நோய் அல்ல, தானாக ஃபங்கஸ் மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள் என்று. யாராவது அந்தத் துண்டையும் மடித்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
சிவகங்கை மாவட்டம்