ஒரு சொல்லைப் பற்றி மகளுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். சென்ற மாதம் வீடியோவில் நான்கு நிமிடம் பேசிவிட்டு, 'ஸ்டாக்ஸ் ஆஃப் வொர்க் அப்பா, அப்புறம் பேசுகிறேன்' என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்று முதல் அந்த 'ஸ்டாக்' (stack) என்ற சொல் என்னை விடவில்லை. 32 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவனாதலால், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மளிகைக் கடைக்காரர் சரக்கிருப்பைச் சொல்லும் 'ஸ்டாக்' (stock) வேறு. தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

இச்சொல் வைக்கோல் போரைக் குறிக்கும் வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. தாத்தா களத்தில் போர் போடுவதை நீ பார்த்திருக்கிறாய். தரையின் ஈரம் ஏறாமல் அடியில் மேடு கட்டி, மழைநீர் வழிந்தோட மேலே கூம்பாக முடிப்பார். சரியாகக் காயாததைப் போர் போட்டுவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. உள்ளே நாள்கணக்கில் சூடேறி, ஒரு நாள் தானாகவே பற்றிக்கொள்ளவும் கூடும். அதனால்தான் அவர் அவ்வப்போது போருக்குள் கையை விட்டுப் பார்ப்பார்.

கடலோரத்தில் தனித்து நிற்கும் பாறைத் தூணுக்கும் இதே பெயர்தான். ஸ்காட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளுக்குப் போனபோது, 137 மீட்டர் உயரமுள்ள ஓல்ட் மேன் ஆஃப் ஹோய் பாறையின் முன் நின்று படம் அனுப்பினாயே, அது அப்படிப்பட்டது. கரையோடு ஒன்றாக இருந்ததை அலைகள் அரித்து அரித்துப் பிரித்துவிட்டன. படத்தை மாப்பிள்ளை எடுத்ததாக எழுதியிருந்தாய். அது இன்னமும் நம் பீரோ கண்ணாடியில் செருகியிருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

உன் கணினித் தொழிலில் இச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதை, கல்லூரி முதலாண்டு விடுமுறையில் எவர்சில்வர் தட்டுகளை அடுக்கிக் காட்டி நீதான் எனக்கு விளக்கினாய்: கடைசியாக வைத்தது முதலில் வெளிவரும், முதலில் வைத்தது அடியிலேயே கிடக்கும். 1957இல் பவர், சாமெல்சன் என்ற இரு ஜெர்மானிய அறிஞர்கள் இம்முறைக்குக் காப்புரிமை கேட்டபோது, நிலவறை என்று பொருள்படும் 'கெல்லர்' என்னும் சொல்லைப் பயன்படுத்தினார்கள் என்றும் சொன்னாய். அன்று எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. அப்போதெல்லாம் அப்பாவிடம் பேச உனக்கு நேரம் இருந்தது.

'ஹீப்' என்பது கொட்டியபடி குவிந்து கிடப்பது. 'ஸ்டாக்' என்பது ஒருவர் கைவைத்து, ஒழுங்காக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. இந்த வேறுபாட்டைச் சொல்லித்தான் ஏழாம் வகுப்பில் உன்னை எழுப்பி நிறுத்தினேன். கோடை விடுமுறையில் உனக்கு 'ஸ்டாக்ஸ் ஆஃப் டைம்' இருந்ததாகக் கட்டுரையில் எழுதியிருந்தாய். நேரத்தை எப்படி அடுக்குவாய் என்று கேட்டுச் சிவப்பு மையால் அடித்தேன், வகுப்பே சிரித்தது. அன்று இரவு அகராதியைப் பார்த்தேன். பேச்சுவழக்கில் அச்சொல்லுக்கு 'நிறைய' என்ற பொருள் உண்டு, எண்ண முடியாதவற்றோடும் வரும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. நீ எழுதியதுதான் சரி. மறுநாள் அதே வகுப்பில் அதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. 24 ஆண்டுகளாகச் சொல்லவில்லை. அதன் பிறகு நீ எதையும் எழுதும்போதே என்னிடம் காட்டியதில்லை. எல்லாம் முடிந்து சரியான பிறகுதான் சொல்வாய். அந்தப் பழக்கத்தை உனக்கு ஏற்படுத்தியவன் நான்தான், அம்மா. என்னை மன்னித்துவிடு.

அன்று வீடியோவில் உன் பின்னால் சுவரோரமாக ஆறு அட்டைப்பெட்டிகள் இருந்தன. அவை குவியலாகக் கிடக்கவில்லை. நாடா ஒட்டி, நிதானமாக அடுக்கப்பட்டிருந்தன. அம்மா கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன்னிடமும் எதுவும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு, இரவு கண்விழிக்காதே.

மாடி அறையில் கூரை முட்ட நான் அடுக்கி வைத்திருந்த பழைய விடைத்தாள் கட்டுகளையெல்லாம் நேற்று எடைக்குப் போட்டுவிட்டேன். வெள்ளையடிக்க வியாழக்கிழமை ஆள் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பேசு. எந்த நேரமானாலும் போன் என் தலைமாட்டில்தான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா