காவை விட்டுவிடு, மக்களே

அன்புள்ள மக்களே,

நீ அனுப்பிய வீட்டு வரைபடத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில் பெரிதாக்கிக் காட்டினான். அடுக்களையும் படுக்கையறையும் மனத்துக்குப் பிடித்திருந்தன. ஆனால் கன்னிமூலையில், நாகருக்கென்று மரம் வெட்டாமல் விட்டிருக்கும் நம் காவு இருக்கும் இடத்தில், கார் ஷெட் என்று போட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

சர்ப்ப தோஷம், சாபம் என்று சொல்லி உன்னைப் பயமுறுத்த மாட்டேன். பயத்தினால் கும்பிட்டவள் இல்லை நான். கல்யாணமான வருடம் ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை உன் பாட்டி என்னை நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்குக் கூட்டிப் போனாள். அரசமரத்தடியில் வரிசையாக நாகர் கற்கள். பாலை ஊற்றிவிட்டு மஞ்சள்பொடியை என் கையில் கொடுத்து, "பூசு" என்றாள். நாகம் விரித்த படத்தின் நடுக்கோட்டில் மஞ்சள் குழைந்து இறங்க, கல் என் உள்ளங்கையில் குளிர்ந்து கிடந்தது. புகுந்த வீட்டில் முதன்முதலாக மனம் அமைதியானது அன்றுதான். அங்கே கருவறைக்கு இன்றும் ஓலைக்கூரைதான். ஆண்டுதோறும் ஆடியில் புதிதாக வேய்கிறார்கள். பிரசாதம், கருவறையின் ஈரமண். ஆறு மாதம் கருப்பாகவும் ஆறு மாதம் வெள்ளையாகவும் இருக்கும் என்பார்கள். பாட்டி வாங்கிய மண் இன்னும் சாமி அறையில் டப்பாவில் இருக்கிறது.

நம் காவு அவ்வளவு பெரியதில்லை. ஒரு அயினி மரம், ஒரு பாலை மரம், மூன்று நாகர் கற்கள். அங்கே யாரும் வெட்டுகத்தி கொண்டு போனதில்லை. தானாக விழுந்த சுள்ளியைத்தான் அடுப்புக்கு எடுப்போம். அந்த மரத்து அயினிச்சக்கைப் பழத்தைத் தின்று சட்டையெல்லாம் கறையாக்கி நீ அடி வாங்கியது நினைவிருக்கிறதா?

போன மாதம் விளக்கு வைக்கப் போனபோது அயினி வேரில் பாம்புச் சட்டை ஒன்று கிடந்தது. சாரையாக இருக்கும், அவ்வளவு நீளம். ஈரம் இன்னும் காயவில்லை. குனிந்து பார்த்தேன், கண் இருந்த இடத்தில்கூட கண்ணாடித்தாள் போல ஒரு சிறு செதில். தன் கண்ணின் மேல்தோலையும் சேர்த்து உரித்துவிட்டுப் போயிருக்கிறது! கை தானாகக் கூப்பிக்கொண்டது. நெல் வைத்திருக்கும் அறையில் எலித்தொல்லை இல்லாததற்கு இந்தச் சாரையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது, "பாம்பு பால் குடிக்காதும்மா, அது அதன் உணவே இல்லை" என்று என்னோடு வாதாடினாய். நீ சொன்னது சரிதான். அதிலிருந்து புற்றுவாயில் நான் பால் ஊற்றியதில்லை. கல்லின் மேல் ஒரு கரண்டி மட்டும். நீ சொன்னதைக் கேட்டு நான் மாற்றிக்கொண்டேன். இப்போது நான் சொல்வதை நீ கேள்.

மண்டைக்காட்டில் பகவதி அம்மனே புற்றுதான், சுமார் 15 அடி உயரம். அதை இடிக்காமல், அதைச் சுற்றித்தான் கோயில் கட்டினார்கள். சுசீந்திரம் கோயிலில் கொன்றை மரத்தடியில், கொன்றையடி என்றே ஒரு சன்னிதி இருக்கிறது. ஊர் முழுக்க மரத்துக்கும் மண்ணுக்கும் இடம் விட்டுக் கட்டியிருக்கும்போது, நம் வீட்டில் மூன்று கற்களுக்கு இடமில்லையா? உன் அப்பா படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில்கூட, "காவில் விளக்கு வைத்தாயா?" என்றுதான் கேட்டார்.

வீட்டைக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் டேப்பை எடுத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஒரு நுனி பிடிக்கச் சொல்லி நேற்று அளந்து பார்த்தேன். வடக்கு மதிலுக்கும் திண்ணைக்கும் நடுவில் 11 அடி அகலம் இருக்கிறது. நடுவில் நிற்பது காய்ப்பு நின்றுபோன தென்னை ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் கார் தாராளமாக நிற்கும். இஞ்சினியரிடம் கேட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா