யார்க்‌ஷயர் கடலோர உரோமானியக் கோபுரங்கள்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இங்கிலாந்தின் வடகிழக்கே யார்க்‌ஷயர் கடற்கரையில், கி.பி. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உரோமானியப் படையினர் எழுப்பிய சமிக்ஞைக் கோபுரங்களைப் பற்றி நான் தமிழில் எழுதிவந்த சிறு நூல் நிறைவுபெற்றுள்ளது. அதற்குத் துணைநின்ற அனைவருக்கும் இம்மடல் வழியே என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கடல்வழி வந்து கொள்ளையிட்டவர்களைத் தொலைவிலேயே கண்டு எச்சரிப்பதற்காக ஹண்ட்கிளிஃப், கோல்ட்ஸ்பரோ, ரேவன்ஸ்கார், ஸ்கார்பரோ, ஃபைலி ஆகிய இடங்களில் அமைந்த இக்கோபுரங்கள், நடுவே சதுரக் கோபுரமும், அதைச் சூழ்ந்து மூலைகள் வளைந்த மதிலும், வெளியே அகழியுமாக ஏறத்தாழ ஒரே வடிவில் கட்டப்பட்டவை. காவலுக்கு வசதியாகச் செங்குத்தான கடற்பாறை விளிம்புகளைத் தேர்ந்தெடுத்ததே அவற்றின் அழிவுக்கும் காரணமாயிற்று. ஹண்ட்கிளிஃப் கோபுரத்தைக் கடல்கொண்டுவிட்டது. ஸ்கார்பரோவிலும் மதிலின் கிழக்குப் பகுதி சரிந்து போயிற்று. ஆகவே, எஞ்சியிருப்பதை உரிய காலத்தில் தோண்டி அளந்து எழுதிவைத்தவர்கள் இல்லையெனில் என் நூலுக்குப் பொருளே இருந்திராது.

அவ்வகையில் என் முதல் நன்றி, இன்று நம்மிடையே இல்லாதவர்களுக்கு உரியது. 1857இல் ஃபைலியின் கார் நேஸ் முனையில் மண் சரிந்து கட்டடக் கற்கள் வெளிப்பட்டபோது அங்கே அகழ்ந்து பார்த்த மருத்துவர் கோர்டிஸ், ஹண்ட்கிளிஃபிலும் கோல்ட்ஸ்பரோவிலும் அகழாய்வு செய்த வில்லியம் ஹார்ன்ஸ்பி, 1920களில் ஸ்கார்பரோவை ஆராய்ந்த சிம்சன் ஆகியோரை நூலின் முதற்பக்கத்திலேயே குறிப்பிட்டுள்ளேன். கோல்ட்ஸ்பரோ கோபுரத்தின் ஒரு மூலையில் இரண்டு மனிதர்களின் எலும்புக்கூடுகளும் ஒரு பெரிய நாயின் எலும்புக்கூடும் கிடந்த நிலையை ஹார்ன்ஸ்பி குறித்துவைத்த விதம், அங்கு காவல் இருந்தவர்களின் முடிவைப் பற்றி எந்த வரலாற்றாசிரியரின் விளக்கத்தையும்விட அழுத்தமாகப் பேசுகிறது என்பது என் கருத்து. கடல் அரிப்பு முந்திக்கொள்ளும் முன் 1993, 1994ஆம் ஆண்டுகளில் ஃபைலியை மீண்டும் அகழ்ந்த யார்க் தொல்லியல் அறக்கட்டளையினருக்கும் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

விட்பி அருங்காட்சியகத்தின் தன்னார்வலர்களுக்கு என் நன்றி தனியே உரியது. 1774இல் ரேவன்ஸ்காரில் கிடைத்த கல்வெட்டு அங்குதான் உள்ளது. யுஸ்டினியானுஸ் என்னும் தளபதியும் விண்டிகியானுஸ் என்னும் அதிகாரியும் இந்தக் கோபுரத்தையும் கோட்டையையும் அடித்தளத்திலிருந்து கட்டினர் என்று அது கூறுகிறது. இந்தக் கோபுர வரிசையில் கட்டியவர்களின் பெயரைத் தாங்கி நமக்குக் கிடைத்திருப்பது இந்த ஒரு கல்தான். தேய்ந்த எழுத்துகள் தெளிவாகத் தெரியும் வரை விளக்கொளியைப் பல கோணங்களில் பிடித்துக்காட்டிய அவர்களின் பொறுமையையும், ஒவ்வொரு வரியையும் எனக்குப் பொருள் பிரித்து உணர்த்திய இலத்தீன் ஆசிரியையின் அக்கறையையும் நான் மறவேன்.

ஸ்கார்பரோ கோட்டை வளாகப் பணியாளர்கள், உரோமானிய அடித்தளத்தின் மேலேயே பிற்காலத்தில் எழுந்த தேவாலயத்தின் சுவர்களைத் தனியே பிரித்தறியக் கற்றுத்தந்தார்கள். ஃபைலியில் வசிக்கும் முதியவர் ஒருவர், கோபுரத்திலிருந்து ஊருக்குள் கொண்டுவரப்பட்ட குழியுடைய ஐந்து கற்களைப் பற்றித் தம் தந்தை சொன்னவற்றை நினைவுகூர்ந்தார். கடற்காற்றில் அளவுநாடாவைப் பிடித்து நின்ற நண்பர்களுக்கும், படிகளைத் திருத்தித் தந்த லீட்ஸ் நகரத் தமிழ் அன்பர்களுக்கும் உளமார்ந்த நன்றி.

இந்த நூலுக்காக நாங்கள் எடுத்த கடற்பாறை விளிம்பின் ஒளிப்படங்கள் அனைத்தையும், எடுத்த நாளும் இடமும் குறித்து, கேட்கும் ஆய்வாளர் எவருக்கும் கட்டணமின்றித் தருவதாக மேற்கூறிய அனைவரிடமும் உறுதியளித்துள்ளேன்.

நன்றியுடன்,
நூலாசிரியர்