கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

வரும் ஜூலையில் அமெரிக்காவில் உள்மருத்துவ (Internal Medicine) ரெசிடென்சி, அதாவது ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே பெறும் விசேட பயிற்சி, தொடங்குகிறேன். வாழ்த்துச் சொல்ல வருகிறவர்கள் "நல்லாப் படிச்சிருக்கிறாய்" என்கிறார்கள். யாழ் மருத்துவ பீடத்தில் என்னோடு இருந்த எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள்தான். புள்ளிகளுக்கு அப்பால், "இந்தப் பிள்ளைக்கு எங்களிடம் வர உண்மையிலேயே விருப்பம்" என்று அங்குள்ள ஆஸ்பத்திரியை நம்பவைத்ததில் உங்கள் பங்குதான் பெரிது.

முதலில் நீரிழிவு கிளினிக் சிஸ்டர். கந்தசஷ்டிக்கு முன்பே, விரதம் பிடிக்கப்போகிறவர்களின் பெயர்களைச் சீ.ஆர். கொப்பியில் எழுதிவைப்பீர்கள். சாப்பிடாமல் இருந்துகொண்டு இன்சுலினை வழமைபோலப் போட்டால் சீனி இறங்கி மயங்கிவிடுவார்கள். பயந்து அடியோடு நிறுத்தினால் ஏறிவிடும். டொக்டர் மாற்றித் தரும் அளவை ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லும் வேலையை என்னிடம் தந்தீர்கள். "மருந்தைப் பற்றிப் பிறகு கதை பிள்ளை, முதல் எத்தினை நேரம் சாப்பிடுவினம் எண்டு கேள்" என்றீர்களே, அதை மறக்கமாட்டேன்.

அடுத்தது அமெரிக்காவில் வேலை செய்யும் சீனியர் அக்கா. விண்ணப்பத்தோடு, எங்களுக்கு விருப்பமான இடங்களுக்குச் 'சிக்னல்' அனுப்பலாம்: உள்மருத்துவத்துக்குத் தங்கம் 3 (மிக விருப்பமான இடங்களுக்கு), வெள்ளி 12 (அதற்கு அடுத்தவற்றுக்கு). (அம்மா கஸ்தூரியார் வீதி நகைக்கடைக் கதையாக்கும் என்று நினைத்தா.) "பேருக்காகத் தங்கத்தைக் குடுக்காதை, அங்க வாற நோயாளர் ஆர் எண்டு பார்" என்றா அக்கா. அப்படித் தேடியதில்தான், நோன்புக்கு முன் நீரிழிவு நோயாளரின் மருந்தளவை மாற்றிக் கொடுக்கும் ஓர் ஆஸ்பத்திரி கண்ணில் பட்டது. ஒரு தங்கம் அங்கே போனது. நேர்முகத்தில் அவர்கள் புள்ளிகளை விட்டுவிட்டு சிஸ்டரின் கொப்பியைப் பற்றியே கேட்டார்கள்.

அதற்கு முன் அக்கா வைத்த ஒத்திகைகள்! அவவுக்கு மாலை, எனக்கு விடியப்புறம். வீதியால் திருவெம்பாவைச் சங்கும் சேமக்கலமும் போக, "ஏன் எங்கட ஹொஸ்பிட்டல்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பா.

சேர், "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்து வைக்கிறன்" என்று சொல்லாமல், வார்டில் கண்டதை வைத்துச் சிபாரிசுக் கடிதத்தை நீங்களே எழுதினீர்கள். நேர்முகம் முடிந்தபின், "நீங்கள்தான் என் முதல் தெரிவு" என்று எல்லா இடத்துக்கும் மின்னஞ்சல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் கொடுக்கும் விருப்பப் பட்டியலில் எந்த வரிசையில் தங்களைப் போடுவோம் என்று கேட்க ஆஸ்பத்திரிகளுக்கு அனுமதியே இல்லை. நாங்களாக வலியப் போய் ஏன் பொய் சொல்லவேண்டும்? "உண்மையா எது முதலோ, அதுக்கு மட்டும் எழுது" என்ற உங்கள் சொற்படி ஒரே ஒரு கடிதம்தான் அனுப்பினேன்.

மாரி மழையில் கரண்ட் போன இரவுகளில் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்துத் தந்த பக்கத்து வீட்டு அண்ணைக்கும் நன்றி.

செப்டெம்பரில் விண்ணப்பிக்கவிருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு, அக்கா செய்ததை இனி நான் செய்வேன். என்ன, விடியப்புறம் எழும்பவேண்டியது நீங்கள்தான்.