அவர் இல்லாவிட்டாலும் அங்கே இருப்பாயா?

பாப்பா,

உயிரிப்பொறியியல் முனைவர் பட்டத்துக்கு உனக்கு வந்ததாக நீ அனுப்பிய மூன்று சேர்க்கைக் கடிதங்களையும் படித்துவிட்டேன்: ஒன்று உனக்குப் பிடித்த இளம் பேராசிரியர் இருக்கிற அமெரிக்கப் பல்கலைக்கழகம், ஒன்று பெர்க்லி–சான் பிரான்சிஸ்கோ கூட்டுத் திட்டம், ஒன்று சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் பல்கலைக்கழகம். அப்பா தரவரிசைப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு எது மேலே, எது கீழே என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரை விடு. உயிரிப்பொறியியல் என்று ஒரே பலகையை மாட்டிக்கொண்டு ஒரு துறையில் மூளைக்குள் வைக்கும் மின்முனை செய்வார்கள், இன்னொரு துறையில் பாக்டீரியாவின் மரபணுவைத் திருத்துவார்கள், வேறொன்றில் எம்ஆர்ஐ படத்தைத் தெளிவாக்கக் கணக்குப் போடுவார்கள். இவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி எண் போட்ட பட்டியல், ஜெல்லில் செல் வளர்க்கப் போகிற உனக்கு எதைச் சொல்லிவிடும்?

முதலில் அவசரமான விஷயம். அந்தப் பேராசிரியர் அடுத்த வாரத்துக்குள் முடிவு சொல் என்று கேட்டதாக எழுதியிருக்கிறாய். பதற்றப்படாதே. உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன்னால் பதில் சொல்ல மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு தீர்மானம் அமெரிக்காவில் இருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் ஏராளம். உன்னுடையது அதில் இருக்கிறதா என்று துறை அலுவலகத்தில் கேள். இருந்தால், “உங்கள் லேப் எனக்குப் பிடித்திருக்கிறது, ஏப்ரல் 15-க்குள் உறுதியாகச் சொல்கிறேன்” என்று அவருக்கு மரியாதையாக இரண்டு வரி எழுதினால் போதும். சுவிட்சர்லாந்துக்காரர்களுக்கு இந்தத் தேதி பொருந்தாது. அவர்களிடம் தனியாகக் கால அவகாசம் கேட்டுக்கொள்.

இப்போது அந்தப் பேராசிரியர் விஷயத்துக்கே வருகிறேன், என் கவலையெல்லாம் அங்கேதான். அவருடைய வேலை நல்ல வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பல வகை செல்லாக மாறக்கூடிய ஒரே ஸ்டெம் செல்லை மூளை அளவு மென்மையான ஜெல்லில் வைத்தால் நரம்பு செல் மாதிரியும், தசை அளவு கெட்டியில் வைத்தால் தசை மாதிரியும், இன்னும் கெட்டியானால் எலும்பு மாதிரியும் திரும்புகிறது என்று எங்லர், டிஷர் என்ற ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்களே, அந்த வழியில் குருத்தெலும்பைப் பிடித்துக்கொண்டு போகிறார். போனில் நீ அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டை மறந்துவிடுகிறாய். ஆனால் அந்தத் துறையில் உனக்குப் பிடித்தவர்கள் யார் யார் என்று கேட்டபோது நீ எழுதி அனுப்பியது ஒரே ஒரு பெயர்.

கணக்குப் போட்டுப் பார். அவர் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. பணி நிரந்தரமா இல்லையா என்பதைப் பெரும்பாலும் ஆறாவது வருடத்தை ஒட்டித்தான் தீர்மானிப்பார்கள். அப்போது நீ மூன்றாம் வருடத்தில், தகுதித் தேர்வு முடித்து, ஆய்வின் நடுவில் நிற்பாய். நிரந்தரம் கிடைக்கவில்லை என்றால் கிளம்பிவிடுவார். கிடைத்தாலும், இன்னும் பெரிய இடம் கூப்பிட்டால் கிளம்பலாம். அவரோடு மூட்டை கட்டுவதா, அவர் போன பிறகு தூரத்திலிருந்தே முடிப்பதா, வேறு லேபில் புதிதாகத் தொடங்குவதா? எந்த வழியானாலும் காலம் போகும். இளம் பேராசிரியரிடம் சேரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரிய பேராசிரியரின் லேபில் உன்னைப் பார்க்கவே அவருக்கு நேரம் இருக்காது, இவர் உன் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார். அவர் இல்லாவிட்டாலும் நீ அந்தத் துறையில் இருக்க விரும்புவாயா என்பதைத்தான் கேட்கிறேன்.

பணத்தையும் இதோடு சேர்த்துப் பார். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை (என்எஸ்எஃப்) தரும் ஆய்வு உதவித்தொகையும் தேசிய சுகாதார நிறுவனங்கள் (என்ஐஎச்) தரும் பயிற்சி நிதியும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்க உரிமை உள்ளவர்களுக்கும்தான். உன் சம்பளம் பேராசிரியரின் ஆய்வு நிதியான கிராண்டிலிருந்தோ துறையிலிருந்தோ வந்தாக வேண்டும். என்ஐஎச் தருகிற ஆர்01 போன்ற பெரிய கிராண்டே அதிகபட்சம் 5 வருடம்தான். அது எப்போது தொடங்கியது என்று கேள். முனைவர் பட்டம் 5, 6 வருடம் இழுக்கும். நடுவில் பணம் தீர்ந்தால் துறை பொறுப்பேற்குமா? “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்று வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, சான் பிரான்சிஸ்கோ வளாகங்கள் சேர்ந்து நடத்துகிற திட்டம் எனக்குப் பிடித்திருப்பது இதனால்தான், பெயருக்காக அல்ல. 1983-லிருந்து நடக்கிறது. பெர்க்லியில் பொறியியல் உண்டு, மருத்துவக் கல்லூரி கிடையாது. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் மருத்துவம் உண்டு, பொறியியல் கல்லூரி கிடையாது. இரண்டையும் சேர்த்தால் மூட்டு அறுவை சிகிச்சை மருத்துவரும் ஜெல் செய்கிறவரும் ஒரே ஆய்வுக் குழுவில் உட்கார முடியும். பொறியியலுக்குப் பேர்போன ஜார்ஜியா டெக்கும் மருத்துவக் கல்லூரி உள்ள எமரியும் 1997-இல் கைகோத்ததும் இதே யோசனையில்தான். அப்புறம், முதல் வருடத்தில் லேப் லேபாக மாறி வேலை செய்து பார்த்துவிட்டு நெறியாளரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் உனக்குப் பிடித்த லேபில் அந்த வருடம் இடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. “அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறீர்களா?” என்று குறைந்தது நான்கு பேருக்கு இப்போதே எழுதிக் கேள்.

ஈடிஎச்சைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகம் ஜூரிக்கில் இருந்தாலும் உன் துறை இருப்பது பாசலில், அதை அப்பாவுக்கும் சொல்லிவிடு. அங்கே ஆய்வு மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர், வகுப்புகள் குறைவு, அமெரிக்காவைவிடச் சீக்கிரம் முடியும். தெளிவான கேள்வி கையில் இருக்கிறவர்களுக்கு நல்ல இடம். நீ இன்னும் குருத்தெலும்பா, நரம்பா என்று ஆடிக்கொண்டிருக்கிறாய். தப்பில்லை, ஆனால் ஆட்டத்துக்கு அங்கே நேரம் குறைவு.

மாணவர்களிடம் பேசும்போது பேராசிரியர் நல்லவரா என்று கேட்காதே, எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை செல்களுக்கு மீடியம், அதாவது ஊட்டத் திரவம், மாற்றுவது யார் என்று கேள். நானும் செல் வளர்ப்பு லேபில் காலம் தள்ளியவள், அதனால் சொல்கிறேன். இன்குபேட்டரில் 37 டிகிரியில் இருக்கிற செல்லுக்கு விடுமுறை தெரியாது. முறை வைத்து ஒருவர் மற்றவரின் செல் தட்டையும் பார்த்துக்கொள்கிற லேப் என்றால், அங்கே மனிதர்கள் ஒருவரை ஒருவர் நம்புகிறார்கள். அவரவர் தட்டை அவரவரே வந்து பார்க்க வேண்டும் என்றால், காய்ச்சலிலும் நீதான் போக வேண்டும். விலங்குச் சோதனைக்கும் நோயாளிகளின் திசுவுக்கும் அனுமதி ஏற்கெனவே இருக்கிறதா, இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டுமா என்றும் கேட்டுக்கொள். அந்தக் காகிதத்துக்கே மாதங்கள் போய்விடும்.

முடிந்தால் பாதியில் விட்டுப் போன ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசு. கோபத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள், அதைக் கழித்துவிட்டுக் கேள்.

என்னைக் கேட்டால் பெர்க்லி–சான் பிரான்சிஸ்கோ. ஆனால் அந்த நான்கு பேரில் மூன்று பேராவது இடம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னால் அதுவும் ஒற்றைப் பெயர்தான், அப்போது உன் பேராசிரியரையே எடுத்துக்கொள், நான் தடுக்க மாட்டேன். சனிக்கிழமை கூப்பிடு, அதற்குள் அவருக்கு எழுத வேண்டிய அந்த இரண்டு வரியை அனுப்பிவிடு.

அம்மா